இருபசி அறக்கட்டளை

வாருங்கள் தம்பி, வாருங்கள். செருப்பை வாசலிலேயே விடுங்கள். அங்கே வேண்டாம், முதல் பாயில் அமருங்கள். வாசலில் வந்து நிற்பவர் கண்ணில் நீங்கள்தான் முதலில் பட வேண்டும். ஆம், அப்படித்தான். இதோ இலை. இதோ சோறு. சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, ஓர் அப்பளம்.

இருங்கள், இருங்கள். கையை எடுங்கள். இன்னும் தொடக்கூடாது.

முகம் சுருங்க வேண்டாம். இந்தக் கொட்டகைக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கேட்க வேண்டும், பிறகு உண்ண வேண்டும். வழக்கமாக ஒரு நீதிக்கதை சொல்வேன். அதிலிருந்து ஒரு வினா கேட்பேன். விடை சொன்னவருக்கு முதலில் பரிமாறுவேன். இன்று நீங்கள் ஒருவர்தான் வந்திருக்கிறீர்கள். ஆகவே முன்னதாகவே பரிமாறிவிட்டேன், வினாவும் வேண்டாம். நான் அவ்வளவு கடுமையானவன் அல்லன்.

என் பெயர் ஆவுடையப்பன். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே தொங்கும் பலகையைப் படித்தீர்களா? இருபசி அறக்கட்டளை. வயிற்றுப் பசி ஒன்று, அறிவுப் பசி ஒன்று. நோயாளிக்குத் துணையாக இந்த மருத்துவமனைக்கு வருகிறவர்களின் இரண்டு பசியையும் தீர்ப்பது இதன் நோக்கம். நிறுவனர் என்று சிவப்பு எழுத்தில் இருப்பது நான்தான்.

நீங்கள் நேற்று மாலைதான் வந்தீர்களா? மனைவிக்குத் துணையாகவா? மகப்பேறு வார்டா? நல்லது, நல்லபடியாக நடக்கும். நேற்று வந்தவர் என்பதால்தான் இங்கே வந்தீர்கள். பழைய ஆட்கள் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நன்றி கெட்ட உலகம் தம்பி இது.

உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. இன்று ஒரு மணிக்கு நிலைய மருத்துவர் டாக்டர் செல்வின் இங்கே வந்து பார்க்கப் போகிறார். மருத்துவமனைக்குச் சொந்தமான இந்தக் கொட்டகையில் ஒருவராவது உணவு பெறுவதை அவர் கண்ணால் கண்டால் கொட்டகை எனக்கு. இல்லையென்றால் எதிர்ச்சாரியில் நிற்கிறானே, அவனுக்கு. அந்த ஒருவர் நீங்கள். உங்களை இறைவன் அனுப்பினான் என்றே சொல்வேன்.

எதிர்ச்சாரியில் யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி இதே மருத்துவமனையில் மஞ்சள் காமாலையோடு கிடந்தான். துணைக்கு நான். அவன் நினைவு தப்புவதும் மீள்வதுமாக இருந்தான். கட்டிலை விட்டு நகர முடியவில்லை. மதியம் போய்விட்டது. எனக்குக் கண் இருட்டியது. அப்போது வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் கட்டில் கட்டிலாகப் பொட்டலம் வைத்துக்கொண்டே வந்தார். என் மடியிலும் ஒன்று வைத்தார். எலுமிச்சைச் சோறு. அதை எப்படிச் சாப்பிட்டேன் என்றே தெரியாது. நிமிர்ந்தபோது ஆள் இல்லை. அவர் யாரென்று அந்த வார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று என் கண்ணில் நீர் வந்தது உண்மை. ஆனால் பிறகு சிந்தித்தேன் தம்பி. அத்தனை பேர் அவர் கையையே நோக்கியிருந்த வேளை அது! அப்போது ஒரு நல்ல கருத்தைச் சொல்லியிருந்தால் சாகும்வரை மறந்திருப்போமா? ஒரு சொல் பேசவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட வாய்ப்பை அந்த மனிதர் வீணாக்கிவிட்டார்! சோற்றை வைத்துவிட்டுப் போவதற்கு ஒரு மனிதன் எதற்கு? அந்தக் குறையை நிறைவு செய்யத்தான் இந்த அறக்கட்டளையைத் தொடங்கினேன்.

தொடங்குவது என்றால் எளிதா? என்னோடு சேர்ந்தவன் தங்கப்பழம். பேருந்து நிலையத்தை ஒட்டி இரும்புக்கடை வைத்திருக்கிறான், வசதியானவன். அவனுடைய தாயார் இங்கேதான் காலமானார். கூப்பிட்டதும் வந்தான். அரிசி அவன் தருவதாக ஏற்பாடு, அண்டாவும் அவனுடையது. கருத்து என்னுடையது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதும்போதே அவன் புத்தி தெரிந்துவிட்டது. முதல் நோக்கம் நல்லறிவு புகட்டல், இரண்டாம் நோக்கம் உணவளித்தல் என்று நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தார். இவன் இடையில் புகுந்தான்.

“சார்வாள், மொதல்ல சோத்த எழுதும். மத்தத பொறவு பாப்போம்.”

“எழுத்தில் எது முன்னால் நிற்கிறதோ, நாளைக்குச் செயலிலும் அதுதான் முன்னால் நிற்கும் தங்கப்பழம்” என்றேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றான். பிறகு பெயரைப் பார்த்துவிட்டு, “அதென்ன சார்வாள் இருபசி? ஒரு தடவ பசிச்சாப் பத்தாதா?” என்றான். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பத்திரம் எழுதுகிற இடத்தில் சிரிப்பு! அன்றே அவனை விலக்கியிருக்க வேண்டும். என் பெருந்தன்மை, விட்டுவிட்டேன்.

சாம்பார் உறைகிறதா? உறையட்டும். நல்ல சாம்பார் ஆறினால்தான் ருசி. கேளுங்கள்.

சித்திரையில் தொடக்க விழா. இதே கொட்டகைக்கு முன்னால் சாமியானா, ஒலிபெருக்கி, பொன்னாடைகள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நிறைவாக என் ஏற்புரை. எத்தனை நாள் உழைத்து எழுதிய உரை தெரியுமா! நோயாளிகளின் உறவினர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். சில குழந்தைகள் அழுதன; குழந்தைகள் அழத்தான் செய்யும். நான் கண்ணை மூடி உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன். திறந்து பார்க்கிறேன், முன்வரிசை இல்லை. நடுவரிசை எழுந்து போய்க்கொண்டிருக்கிறது. மேடையில் பொன்னாடையோடு அமர்ந்திருந்த சிறப்பு விருந்தினரையும் காணவில்லை. சாமியானாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், இந்தத் தங்கப்பழம் சட்டையைக் கழற்றிவிட்டு அண்டாவில் கரண்டியை விட்டு அள்ளிக்கொண்டிருக்கிறான்!

“நீங்க தின்னுங்க மக்கா. சார்வாளுக்க பேச்சு ஆறாது, சோறு ஆறிரும்.”

எல்லோரும் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறார்கள். தம்பி, என் பணிக்காலத்தில் நான் பேசும்போது ஒரு மாணவன் இருமியதில்லை. அன்று நான் பட்ட அவமானத்தை உங்களால் உணர முடிகிறதா? முடியாது. நீங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நிமிருங்கள்.

மறுநாளே ஒழுங்குமுறை கொண்டுவந்தேன். உச்சிப்பொழுதில் வாயிலைச் சாத்திவிடுவது. உள்ளே வந்தவர்கள் வரிசையாக அமர வேண்டும். கை கட்ட வேண்டும். கதை முடிந்து, வினா முடிந்து, பிறகுதான் கரண்டி. பள்ளியில் காலை வழிபாடு நடத்துகிறோமே, அதே முறைதான். எத்தனை தலைமுறையை அந்த முறையில் உருவாக்கியிருக்கிறேன்! இந்த மக்களை ஒரு மதியத்தில் உருவாக்க முடியாதா?

நன்றாகத்தான் போயிற்று. சிலர் உறங்கினார்கள். ஒரு முதியவர் உட்கார்ந்தபடியே உறங்கினார். அவரைத் தட்டி எழுப்பி, “குளத்தை வெட்டியவன் கரையில் என்ன கட்டினான்?” என்று வினாவினேன். “எங்க வீட்டுக்காரிக்கு ரத்தம் வேணும்னு சொல்லுதாங்க ஐயா” என்றார். இதுவா விடை? கேள்விக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? கடைசி வரிசைக்குப் போகச் சொன்னேன். இப்படித்தான் சமுதாயத்தில் கவனம் சிதறிக் கிடக்கிறது.

அந்தக் குளத்துக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சிறியதுதான். ஒரு செல்வந்தன் வறண்ட காட்டில் குளம் வெட்டினான். நீர் என்றால் பன்னீர். கரையில் ஒரு வெண்கல மணி கட்டினான். தாகத்தோடு வருகிற எவரும் முதலில் மணியை அடித்து, தண்ணீரின் அருமையை நினைத்து, பிறகு குடிக்க வேண்டும் என்பது விதி. மனிதர்கள் மணியடித்தார்கள், குடித்தார்கள். கோடையில் மாடுகள் வந்தன. அவற்றுக்கு மணியடிக்கத் தெரியவில்லை. காவலன் விதிப்படி விரட்டினான். மாடுகள் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. இதிலிருந்து நாம் அறிவது என்ன? என்ன சொன்னீர்கள்? மாடு பாவமா? எல்லோரும் இதையே சொல்கிறார்கள்! கதையின் நீதி அதுவா? அருமை அறியாதவனுக்கு அள்ளிக் கொடுத்தாலும் பயன் கிட்டாது, அதுதான் நீதி. மணி கையெட்டும் உயரத்தில்தானே இருந்தது? மாடு கற்றுக்கொள்ள முயன்றதா? முயலவில்லை. அதனால்தான் அது மாடு.

இதைத் தங்கப்பழத்திடமும் சொன்னேன். “சார்வாள், அந்தக் காவக்காரன் எங்க இருக்கான்? கையில கெடச்சா ரெண்டு சாத்து சாத்தணும்” என்றான். இவனோடு எப்படி அறம் செய்வது?

பிறகு ஆவணியில் வந்தது பிரிவினை. அதைச் சொன்னால் என் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

ஒரு கொத்தனார் வந்திருந்தார். மனைவி பேச்சியம்மாளுக்குக் குடலில் அறுவை. கதை முடியும் தறுவாய், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மருத்துவமனை மைக்கில், “மூன்றாம் வார்டு பேச்சியம்மாளுடன் வந்தவர் உடனே அறுவை அரங்குக்கு வரவும்” என்று அறிவித்தார்கள். அந்த மைக்குக்கு நேரம் காலமே கிடையாது. இவர் துள்ளி எழுந்தார். “அமருங்கள், இன்னும் இரண்டே வாக்கியம்” என்றேன். அமர்ந்துவிட்டார். என் குரலுக்கு இன்றும் அப்படி ஒரு மதிப்பு உண்டு தம்பி. வளர்ந்த மனிதர், தலையில் சிமெண்டுத் தூசி, கையைக் கட்டிக்கொண்டு மாணவனைப் போல அமர்ந்தார். இரண்டு வாக்கியம் சற்று விரிந்தது. நல்ல கருத்துக்கு அளவு வைக்க முடியுமா? கதை முடிந்ததும் போகலாம் என்றேன். ஓடினார்.

கையெழுத்துப் போட ஆள் இல்லையென்று அதற்குள் வேறு நோயாளியை உள்ளே எடுத்துக்கொண்டு விட்டார்களாம். பேச்சியம்மாளின் அறுவை மறுநாளைக்குப் போய்விட்டது. சரி. மறுநாள் நடந்ததா இல்லையா? நடந்தது. அந்த அம்மாள் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனாரா இல்லையா? போனார். யார் செத்தார்கள்? சொல்லுங்கள், யார் செத்தார்கள்?

ஆனால் தங்கப்பழம் வந்தானே, அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டும். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்த வாசலில்தான் நின்றான்.

“ராத்திரி பூரா அந்தப் பொம்பள வலியில கத்திருக்கா. புருசங்காரன் தலையில தலையில அடிச்சிட்டு அழுதிருக்கான். நீரு எங்கவே இருந்தீரு?”

சார்வாள் போய், ‘வே’ வந்துவிட்டது. கவனியுங்கள்.

“வீட்டில் இருந்தேன். அடுத்த நாளுக்கான கதையை எழுதிக்கொண்டிருந்தேன்” என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

அவன் உள்ளே வந்து அண்டாவைக் கவிழ்த்தான், கழுவினான், தூக்கித் தோளில் வைத்தான். அவ்வளவு பெரிய கடை முதலாளி, தோளில் அண்டாவோடு நின்று சொன்னான்: “பேரு, போர்டு, முத்திர எல்லாம் நீரே வச்சிக்கோரும். அண்டா எனக்குள்ளது, நான் கொண்டு போறேன்.”

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எதிர்ச்சாரியில் டீக்கடைக்குப் பக்கத்தில் குட்டியானை என்கிறார்களே, அந்தச் சிறிய சரக்கு வண்டி ஒன்றை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டு, பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். பதிவு கிடையாது. பெயர் கிடையாது. ஒரு துணிப்பதாகைகூடக் கிடையாது. அதற்குப் பெயர் அறமா? யார் கொடுத்தது என்று தெரியாமல் வாங்குகிறவன் யாருக்கு நன்றி சொல்வான்? யாரை முன்மாதிரியாகக் கொள்வான்?

போய்க் கேட்டேன். விடவில்லை நான். “ஏன் பொட்டலம்? ஏன் ஓரிடத்தில் அமர்த்தி உண்ணச் செய்யக்கூடாது?”

“சீக்காளியத் தனியா விட்டுட்டு எப்பிடி வந்து உக்காருவான் சார்வாள்? பொட்டலம்னா கட்டிலுப் பக்கத்துலயே இருந்து திம்பான்லா? ஒரு கண்ணு இலையில, ஒரு கண்ணு ஆளு மேல.”

“பொட்டலத்துக்குக் காது உண்டா தங்கப்பழம்? அதனிடம் நான் என்ன பேசுவது?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. “ஒம்மளுக்கும் ஒண்ணு தரட்டா? பசியில கெடக்குத மாதிரி இருக்கு” என்றான். எனக்கு! அறக்கட்டளை நிறுவனருக்கு! நடுரோட்டில்!

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வண்டிக்குள் கரண்டியோடு நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மனைவி உலகம்மாள். நாற்பது வருட இல்லறம். காலையில் கோவிலுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். வெங்காயத்தை அரிந்துகொண்டே சொல்கிறாள்: “நீங்க பேசுததுக்கு நான் வேண்டாம்லா? அங்க கரண்டி பிடிக்க ஆளில்ல.” என் கண்ணில் நீர் வந்தது, அது வெங்காயத்தால். “உனக்குக் கொள்கை இல்லையா?” என்றேன். “உப்பு போதுமான்னு பாருங்க” என்று கரண்டியை நீட்டினாள்.

இந்தச் சாம்பாரும் அவள் வைத்ததுதான். விடியலில் ஒரே அடுப்பில் வைத்து, ஒரு பங்கை ஆட்டோவில் இங்கே அனுப்பிவிட்டு, மீதியோடு அங்கே போய்விடுகிறாள். தினமும் இங்கே வருவது தினமும் அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அதுவும் எனக்கு வருத்தம்தான். ஆனால் முறையை விட்டுக்கொடுக்க முடியுமா? விட்டுக்கொடுத்தவன் எவனாவது வரலாற்றில் நின்றிருக்கிறானா? இளைஞர்கள் நீங்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வயிறு எல்லா உயிருக்கும் இருக்கிறது. காது இருந்தும் கேளாதிருப்பவனை என்னவென்று சொல்வது? எழுங்கள், கேளுங்கள், உணருங்கள் என்று தொண்டை வற்றக் கூவுகிறேன். எதிரொலிதான் வருகிறது.

இருங்கள் தம்பி. அப்பளத்தைக்கூடத் தொடாதீர்கள். சத்தம் வரும்.

பார்த்தேன், இனி பொறுப்பதில்லை என்று டாக்டர் செல்வினிடம் நானே போய் முறையிட்டேன். மருத்துவமனை வாசலில் பதிவு பெறாத வண்டி நிற்கிறது, அகற்றுங்கள் என்றேன். அவர் நல்லவர்தான், ஆனால் எதையும் ஆராய்ந்து பார்க்கிற குணம் இல்லை. வண்டியைப் பார்க்க வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இங்கே வந்து, வரிசையாக விரித்த பாய்களையும் தனியாக நின்ற என்னையும் பார்த்தார்.

“சார், மழைக்காலம் வருது. அவ்வளவு சனம் ரோட்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்குது, இங்க கூரை சும்மா கெடக்கு. நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

“கொள்கை என்று ஒன்று இருக்கிறது டாக்டர்” என்றேன்.

“வெள்ளிக்கிழம ஒரு மணிக்கு வாரேன். ஒரே ஒரு ஆளு இங்க சோறு வாங்குததப் பாத்தாப் போதும், கொட்டகை உங்களுக்குத்தான். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். இல்லன்னா சாவிய அவங்ககிட்ட குடுத்துருங்க.”

இன்று வெள்ளி. நான் விடியலிலிருந்து இந்த வாசலில் நிற்கிறேன். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு போனார், நம்புவீர்களா? கடைசியில் நீங்கள் வந்தீர்கள். இந்தக் கொட்டகை போனால் எனக்கு எங்கே போக்கிடம் சொல்லுங்கள். வீட்டில் பேசினால் உலகம்மாள் மின்விசிறியை வேகமாக வைத்துவிடுகிறாள். நான் கற்ற அத்தனையையும் யாரிடம் இறக்கி வைப்பேன்? இது ஒன்றுதான் எனக்கு மிச்சம். இதையும் ஓர் இரும்பு வியாபாரி வந்து…

என்ன தம்பி? ஏன் எழுகிறீர்கள்?

மைக்கிலா? எப்போது அழைத்தார்கள்? எனக்குக் கேட்கவில்லையே. மகப்பேறு வார்டா? உங்கள் மனைவி பெயரையா? சரியாகக் கேட்டீர்களா? மைக்கில் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். இரண்டு முறை அழைத்தார்களா? நான் பேசிக்கொண்டிருந்தேன், அதனால்…

போங்கள், போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போதா? இதோ ஒரு மணி ஆகப் போகிறது. அதோ, அதோ பாருங்கள், நடைபாதைக் கடைசியில் வெள்ளைக் கோட்டு வருகிறதே, அவர்தான். உட்காருங்கள். சரி, கதை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையைச் சோற்றில் வையுங்கள். ஒரு கவளம். ஒரே ஒரு கவளம்.

பொட்டலமா? என்ன கேட்டீர்கள்? பொட்டலம் கட்டித் தரவா? நேற்றிலிருந்து இருவரும் சாப்பிடவில்லையா? அதற்கு நான் என்ன செய்வது தம்பி? இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆவணியிலிருந்து எதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறேன்? உங்களுக்குக் கட்டிக் கொடுத்தால் அவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? முடியாது. இங்கே பொட்டலம் கிடையாது.

நில்லுங்கள். இப்படிச் செய்வோம். அவர் வந்து கேட்டால் சாப்பிட்டேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். போதும். அது பொய் என்று ஏன் நினைக்கிறீர்கள்? இலை போட்டது உண்மை, சோறு வைத்தது உண்மை, நீங்கள் அமர்ந்தது உண்மை. மிச்சம் இருப்பது ஒரு சிறிய செயல். அதற்காக ஓர் அறக்கட்டளையையே பலி கொடுப்பீர்களா?

‘சாப்பிடலையே சார்’ என்றால்? சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாதா? நீ என்ன எனக்கு உண்மை கற்றுத் தருகிறாயா? எவ்வளவு நேரம் உனக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டேன்!

என்ன செய்கிறாய்? ஏய், இலையை ஏன் மடிக்கிறாய்? துண்டில் வைத்துக் கட்டுகிறாயா? விடு. விடு என்கிறேன். சாம்பார் ஒழுகுகிறது பார், அறிவில்லாதவனே. எடுத்துக்கொண்டு ஓடுகிறான்! தம்பி! நில்! நிற்கச் சொல்கிறேன்!

வாருங்கள் டாக்டர். வாருங்கள். சரியாக ஒரு மணிக்கு வந்துவிட்டீர்கள். நடைபாதையில் உங்களை இடித்துக்கொண்டு ஓடினானே, பார்த்தீர்களா? பார்த்தீர்கள். நல்லது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

என்ன சொல்கிறீர்கள்? பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டேனா? நானா?

இல்லை, இருங்கள். தோளைத் தட்டாதீர்கள் டாக்டர். கொட்டகை எனக்கே என்கிறீர்களா? சாவி என்னிடமே இருக்கட்டும் என்கிறீர்களா? இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்கிறீர்களா? தங்கப்பழத்திடமும் நீங்களே பேசிவிட்டீர்களா? அவன் சோற்றை அங்கே சமைத்து, இங்கே வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து பொட்டலம் கட்டி… அவன் சம்மதிப்பானா? ஏற்கெனவே சம்மதித்துவிட்டானா? ‘சார்வாள் வரட்டும், ஒரு ஓரமா உக்காந்து கட்டட்டும்’ என்றானா? அப்படியா சொன்னான்? ஓரமாகவா?

டாக்டர், கேளுங்கள். நீங்கள் போகக் கூடாது. இதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த ஆள் எடுத்துக்கொண்டு போனது நான் கொடுத்தது அன்று. நான் கட்டிக் கொடுக்கவில்லை. கேட்டான், மறுத்தேன். கெஞ்சினான், மறுத்தேன். என் அனுமதியில்லாமல், என் கண் முன்னால், என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனான். அதை நான் கொடுத்தேன் என்று நீங்கள் எண்ணிக்கொண்டு எனக்குக் கொட்டகை தருவீர்கள் என்றால் எனக்கு அந்தக் கொட்டகை வேண்டாம். அவமானம் அது. இதோ சாவி. பிடியுங்கள். பிடியுங்கள் என்கிறேன்!

இருபசி அறக்கட்டளையின் நிறுவனர் சொல்கிறேன். இன்று இந்த இடத்தில் நான் ஒருவருக்கும் சோறு போடவில்லை. நேற்றும் இல்லை. உரக்கவே சொல்கிறேன் டாக்டர், எதிர்ச்சாரிக்கும் கேட்கட்டும். ஒருவருக்கும் இல்லை!